நாற்பத்தொன்பதாம் நாள்



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் வெண்சுருட்டுப் பழக்கம். சிகரெட் என்று சொன்னால்தான் பலருக்கு உடனே விளங்கும். ஆகவே இந்தப் பேச்சிலும் சிகரெட் என்றே சொல்லிச் செல்கிறோம்.

புகை பிடிக்காதீர்கள் என்று அறிவுரை கூறுவதற்காக நாம் இங்கு வரவில்லை. அந்த அறிவுரையைக் கேளாத செவி நம் நாட்டில் இல்லை. பெட்டியின் மீதே நோயின் படத்தைப் பெரிதாக அச்சிட்டிருக்கிறார்கள். அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே பெட்டியைத் திறந்து, ஒன்றை எடுத்துப் பற்ற வைப்பவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களைப் பார்த்து நகைக்கும் உரிமை நமக்கு இல்லை. ஏனெனில் இங்கே பேசுகிற நாமும் 24 ஆண்டுகள் புகைத்தவரே. மூன்று முறை விட்டோம். அவற்றுள் இரண்டு முறை மீண்டும் பிடித்துக்கொண்டோம். மூன்றாம் முறை விட்டது விட்டதுதான்.

இந்தப் பழக்கம் மனிதனை எப்படிப் பற்றுகிறது? பற்றிய பின் ஏன் விட மறுக்கிறது? அதை விடுவது எப்படி? இம்மூன்று கேள்விகளுக்கும் நாம் அறிந்த அளவில், பட்ட அளவில், விடை காண முயல்வோம்.

திருவள்ளுவர் கள்ளுண்ணாமைக்கென்று ஓர் அதிகாரம் வகுத்தார். புகைக்கு அதிகாரம் இல்லை. காரணம் எளியது. அவர் காலத்தில் நம் மண்ணில் புகையிலையே இல்லை. அமெரிக்கக் கண்டத்துப் பழங்குடி மக்கள் புகைத்து வந்த இலை அது. 1492இல் கொலம்பஸ் அங்கே சென்றதற்குப் பிறகு ஐரோப்பாவுக்கு வந்தது. பின்னர் போர்த்துக்கீசியர் வழியாக இந்தியாவுக்கும் வந்தது. நம் முன்னோர் அதைச் சுருட்டாகச் சுருட்டினர், பொடியாக இடித்தனர், வெற்றிலையோடு சேர்த்து மென்றனர். ஆயினும் நாள் முழுவதும் புகைக்கும் வழக்கம் பரவியதற்கு ஓர் இயந்திரமே காரணம். கையால் சுருட்டும் தொழிலாளி நிமிடத்திற்கு நான்கைந்து சிகரெட்டுகளே சுருட்ட முடியும். 1880ஆம் ஆண்டுவாக்கில் ஜேம்ஸ் பொன்சாக் என்ற அமெரிக்க இளைஞர் அமைத்த இயந்திரம் நாளொன்றுக்கு ஒரு லட்சத்துக்கு மேல் சுருட்டித் தள்ளியது. அத்தனை சிகரெட்டையும் வாங்கிப் புகைக்க ஆள் வேண்டுமல்லவா? ஆளைத் தேடி விளம்பரம் புறப்பட்டது.

இது உலக வரலாறு. நம் வீட்டு வரலாறு இதைவிடச் சிறியது.

நாம் பிறந்து வளர்ந்தது பேராக் மாநிலத்தில் ஒரு ரப்பர் தோட்டம். தந்தையார் பால்வெட்டுத் தொழிலாளி. வெட்டு முடிந்து, பால் நிறுத்துக் கொடுத்து, வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்ததும் அவருக்குச் சிகரெட் வேண்டும். தோட்டத்துக் கடையில் சிகரெட்டைச் சில்லறையாகவும் விற்பார்கள். ஐந்து சிகரெட்டுக்குக் காசு கொடுத்து அனுப்புவார். ஓடிப்போய் வாங்கி வருவோம். அடுப்பிலிருந்து கொள்ளி எடுத்து வந்து கொடுப்பதும் நம் வேலைதான். அதில் நமக்குப் பெருமையும் இருந்தது. அப்பாவுக்குப் பிடித்த பொருளைக் கொண்டுவந்து கொடுக்கிற பிள்ளை என்ற பெருமை.

1963இல் நமக்கு வயது 14. ஒருநாள் ஐந்துக்குக் காசு வாங்கிக்கொண்டு போய் நான்கை மட்டும் கொண்டுவந்து கொடுத்தோம். “விலை ஏறிடுச்சாம்பா” என்றோம். தந்தையார் நம்பினார். ஐந்தாவது சிகரெட்டை ரப்பர் தாள்களைப் புகையிட்டு உலர்த்தும் கொட்டகையின் பின்னால் வைத்துப் புகைத்தோம். அங்கே எந்நேரமும் புகை வந்துகொண்டிருக்கும். நம் புகை தனியாகத் தெரியாது. இருமல் வந்தது, தலை சுற்றியது, வாந்தியும் வந்தது. முதல் சிகரெட்டை விரும்பிக் குடித்தவர் உலகில் எவரும் இருக்கமாட்டார். ஆயினும் மறுவாரம் மீண்டும் அந்தக் கொட்டகைக்குப் போனோம். பெரியவர்கள் செய்வதை நாமும் செய்துவிட்டோம் என்ற எண்ணமே நம்மை அழைத்துப் போயிற்று.

காந்தியடிகள் தம் சத்திய சோதனையில் இதே போன்றதொரு செய்தியை மறைக்காமல் எழுதியிருக்கிறார். சிறுவனாக இருந்தபோது, சிற்றப்பா புகைத்து எறிந்த துண்டுகளைப் பொறுக்கிப் புகைத்ததையும், அது போதாமல் வேலைக்காரரின் காசைத் திருடிச் சிகரெட் வாங்கியதையும் அவர் சொல்லியிருக்கிறார். அவர் அதிலிருந்து விரைவில் மீண்டார். நாம் மீள 24 ஆண்டுகள் ஆயின.

ஆசிரியர் பயிற்சிக்குச் சென்றபோது நாளுக்கு ஐந்து. வேலை கிடைத்துக் கையில் சம்பளம் வந்தபோது பத்து. திருமணமானபோது ஒரு பெட்டி, அதாவது இருபது. அன்றைய திருமண வீடுகளில் வெற்றிலைத் தட்டோடு சிகரெட்டும் வைப்பார்கள். துக்க வீடுகளிலும் வைப்பார்கள். மகிழ்ச்சிக்கும் அதுவே, துயரத்துக்கும் அதுவே. நாம் எந்த ஒரு நாளிலும் புகைப்பதென்று முடிவு செய்யவில்லை. பழக்கம் நம்மைக் கேட்காமலே வந்து குடியேறிற்று.

அடுத்த கேள்விக்கு வருவோம். இது ஏன் விட மறுக்கிறது?

புகையிலையில் நிகோடின் என்ற பொருள் இருக்கிறது. புகையை உள்ளிழுத்த 10 முதல் 20 விநாடிகளில் அது மூளையை எட்டிவிடுகிறது. அங்கே இன்ப உணர்வை எழுப்பும் சுரப்பைத் தூண்டுகிறது. அது விரைவில் குறையவும் செய்கிறது. ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் இரத்தத்தில் இருக்கும் நிகோடின் பாதியாகிவிடும். குறையக் குறைய உடம்பு கேட்கத் தொடங்குகிறது. மனம் அமைதி இழக்கிறது, எரிச்சல் வருகிறது. அடுத்த சிகரெட்டைப் பற்ற வைத்தவுடன் அந்த எரிச்சல் அடங்குகிறது. “ஆகா, சிகரெட் நமக்கு அமைதி தந்தது” என்று எண்ணுகிறோம். உண்மையில் நடந்தது என்ன? முன்பு புகைத்த சிகரெட் உண்டாக்கிய எரிச்சலைப் பின்பு புகைத்த சிகரெட் தணித்தது, அவ்வளவுதான். வட்டிக்குக் கொடுப்பவரிடமே மேலும் கடன் வாங்கி அவருக்கே வட்டி கட்டுகிறவன், அவரைத் தன் வள்ளல் என்று புகழ்வதைப் போன்றது இது.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். விழித்திருக்கும் நேரம் 16 மணி. அதில் 20 சிகரெட் என்றால் 48 நிமிடத்திற்கு ஒன்று. ஒரு சிகரெட்டுக்குப் பத்து இழுப்பு என்று வைத்துக்கொண்டால், நாளுக்கு 200 முறை கை வாய்க்குப் போகிறது. ஆண்டுக்கு 73,000 முறை. இத்தனை முறை பழகிய கை சும்மா இருக்குமா?

இங்கேதான் இரண்டாவது கட்டு இருக்கிறது. முதல் கட்டு உடம்பின் கட்டு. இரண்டாவது, நேரத்தின் கட்டு. காலையில் கோப்பி குடித்தால் ஒன்று. சாப்பிட்டு எழுந்தால் ஒன்று. பேருந்துக்குக் காத்திருந்தால் ஒன்று. கழிவறைக்குப் போகுமுன் ஒன்று. மாணவர்களின் தேர்வுத் தாள்களைத் திருத்த உட்கார்ந்தால் ஒன்றல்ல, மூன்று. நாளின் ஒவ்வொரு மூலையிலும் ஒரு சிகரெட் உட்கார்ந்திருக்கும்.

இந்தக் கட்டு அறிவாளிகளையும் விடுவதில்லை. மனத்தின் ஆழங்களை ஆராய்ந்த சிக்மண்ட் பிராய்டு பெருமளவில் சுருட்டுப் பிடித்தவர். 1923இல் அவர் வாயில் புற்றுநோய் கண்டது. 1939இல் இறக்கும் வரை முப்பதுக்கு மேற்பட்ட அறுவைச் சிகிச்சைகள் செய்துகொண்டார். ஆயினும் சுருட்டை அவரால் விட முடியவில்லை. அறிவு இருந்தால் விட்டுவிடலாம் என்று எளிதாகச் சொல்கிறவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

புகையின் தீங்கைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். 1950இல் இங்கிலாந்தில் ரிச்சர்ட் டால், பிராட்போர்ட் ஹில் என்ற இருவர் நுரையீரல் புற்றுநோய்க்கும் புகைப்பதற்கும் உள்ள தொடர்பை வெளியிட்டனர். முடிவுகளைக் கண்டதும் டால் தாமே புகைப்பதை விட்டுவிட்டார். 1951இல் பிரிட்டிஷ் மருத்துவர்கள் 34,000 பேருக்கு மேற்பட்டோரின் பழக்கத்தைக் குறித்துக்கொண்டு, 50 ஆண்டுகள் அவர்களைத் தொடர்ந்து கவனித்தனர். 2004இல் வந்த முடிவு இது: புகைப்பதை விடாதவர்கள் சராசரி 10 ஆண்டுகள் முன்னதாகவே இறந்தனர். அதே ஆய்வு ஒரு நற்செய்தியையும் சொன்னது. 60 வயதில் விட்டவர்களுக்கு ஏறத்தாழ 3 ஆண்டுகள் மீண்டன. 50 வயதில் விட்டவர்களுக்கு 6 ஆண்டுகள், 40 வயதில் விட்டவர்களுக்கு 9 ஆண்டுகள். “இனி விட்டு என்ன பயன்?” என்று கேட்கும் நேயர்களுக்கு இதைவிடத் தெளிவான மறுமொழி நம்மிடம் இல்லை.

நம் தந்தையாருக்கு அந்த மறுமொழி எட்டவில்லை. 40 ஆண்டுப் புகை அவர் நுரையீரலை அழித்துவிட்டது. 1983இல் மருத்துவமனையில் கிடந்தார். மூக்கில் உயிர்வளிக் குழாய். கட்டிலிலிருந்து நான்கடி நடந்தால் மூச்சு வாங்கும். நாம் தினமும் பள்ளி முடிந்ததும் போய் அருகில் உட்கார்ந்திருப்போம். அரை மணிக்கு ஒருமுறை, தண்ணீர் வாங்கி வருகிறோம் என்று சொல்லிக் கீழே இறங்கி, சைக்கிள் நிறுத்தும் இடத்தருகே நின்று புகைத்துவிட்டு மேலே போவோம். ஒரு மாலை அப்படித் திரும்பி வந்தபோது தந்தையார் நம் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார். ஏதோ கண்டிக்கப் போகிறார் என்று குனிந்தோம். அவர் கேட்டது இது: “வாசம் வருதுடா. எனக்கும் ஒண்ணு வச்சிருக்கியா?”

நாம் இல்லை என்று சொன்னோம். சட்டைப் பையில் பெட்டி இருந்தது. அதை அவரும் பார்த்தார்.

பத்து நாளில் அவர் இறந்துபோனார். இதைக் கேட்கும் நீங்கள், அன்றே சிகரெட்டை விட்டிருப்பார் என்று நினைப்பீர்கள். இல்லை. துக்க வீட்டுத் தட்டில் வைத்த சிகரெட்டை எடுத்து முதலில் பற்ற வைத்தவர்களில் நாமும் ஒருவர். அச்சமும் துயரமும் மனிதனை அசைக்கும். ஆனால் புகைப்பவனுக்கு அசைவு வரும்போதெல்லாம் கை தேடுவது சிகரெட்டைத்தான். அச்சுறுத்தல் மட்டும் பலருக்குப் பயன்படாமல் போவதற்குக் காரணம் இதுவே.

இனி மூன்றாம் கேள்வி. விடுவது எப்படி? நம் தோல்விகளிலிருந்தே தொடங்குகிறோம்.

தந்தையார் இறந்து ஆண்டு கழிந்தபின், 1985 தைப்பூசத்துக்கு ஈப்போவில் காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டோம். 48 நாள் விரதம். மரக்கறி உணவு, தரையில் படுக்கை, புகை அறவே இல்லை. முதல் மூன்று நாள் தலை வெடித்துவிடும் போலிருந்தது. இரண்டாம் வாரத்தில் சற்றுத் தணிந்தது. நான்காம் வாரத்தில் சிகரெட் நினைவே இல்லாத பொழுதுகள் வந்தன. காவடி எடுத்தோம். விரதம் முடித்தோம். நாற்பத்தொன்பதாம் நாள் காலை, கோப்பிக் கடையில் உட்கார்ந்து ஒரு பெட்டி வாங்கினோம். மாலைக்குள் அது காலியாயிற்று.

நேயர்களே, இந்த நாற்பத்தொன்பதாம் நாளைப் பற்றித்தான் இன்று முக்கியமாகப் பேச விரும்புகிறோம். நிகோடினை விட்டவர்களுக்கு உடம்பில் உண்டாகும் தொல்லை முதல் வாரத்தில் உச்சத்தில் இருக்கும் என்றும், இரண்டு முதல் நான்கு வாரங்களில் பெரும்பாலும் தணிந்துவிடும் என்றும் மருத்துவம் கூறுகிறது. அப்படியானால் 48 நாள் விரதம் இருந்தவர் அந்தக் கடினமான பாதையைக் கடந்துவிட்டார். நோன்பு மாதத்தில் பகலெல்லாம் புகையாமலிருக்கும் நம் முஸ்லிம் சகோதரர்களும் தம்மால் முடியும் என்பதை ஆண்டுதோறும் தமக்கே காட்டிக்கொள்கிறார்கள். பிறகு ஏன் திரும்புகிறோம்? உடம்பு கேட்டதனால் அல்ல. 48 நாளும் நாம் சிகரெட்டை விட்டிருக்கவில்லை. ஒத்திவைத்திருந்தோம். நாட்காட்டியில் நாள்களைக் கிழித்துக்கொண்டு அதற்காகக் காத்திருந்தோம். திரும்பிப் போகலாம் என்ற அனுமதியை முதல் நாளே நமக்கு நாமே எழுதிக் கொடுத்திருந்தோம்.

இரண்டாவது முயற்சி 1986இல். இம்முறை குறைத்துக் குறைத்து விடலாம் என்று எண்ணி, மென்மையானது என்று விளம்பரம் செய்யப்பட்ட சிகரெட்டுக்கு மாறினோம். அதன் வடிகட்டியைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. காற்றும் கலந்து வருவதால் புகை மென்மையாகத் தோன்றும். உடம்புக்கு வேண்டிய நிகோடின் கிடைக்காதபோது, நாம் அறியாமலே ஆழமாக இழுப்போம், விரலால் துளைகளை மூடிக்கொள்வோம், எண்ணிக்கையையும் கூட்டிக்கொள்வோம். இருபது இருபத்தெட்டாயிற்று. இவ்வகைச் சிகரெட்டால் நோய் குறைவதில்லை என்பது பின்னாளில் உறுதியாயிற்று.

மூன்றாவது முயற்சிக்குக் காரணமானது நோயுமல்ல, நேர்த்தியுமல்ல. 1987இல் ஒரு சனிக்கிழமை. நம் மகனுக்கு அப்போது வயது 11. மூன்று சிகரெட்டுக்குக் காசு கொடுத்துக் கடைக்கு அனுப்பினோம். இரண்டைக் கொண்டுவந்து நீட்டினான். “விலை ஏறிடுச்சாம்பா” என்றான்.

நாம் கடைக்குப் போய்க் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையும் இல்லை. அவனை அடிக்கவோ அதட்டவோ நமக்கு வாய் எழவில்லை. அவனிடம் எந்தக் குற்றத்தைச் சொல்வது? அந்த வழியில் அவனை நடக்க வைத்தவர்கள் நாம்தானே. அன்றிரவு முழுதும் உறக்கமில்லை. மறுநாள் காலை மனைவியிடம் இப்படிச் சொன்னோம்: “அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நான் குடிக்கப் போவதில்லை. எத்தனை நாளைக்கு என்று கேட்காதே. நாளே கிடையாது.”

இம்முறை செய்ததை வரிசையாகச் சொல்கிறோம். யாருக்கேனும் பயன்படலாம்.

முதலாவதாக, ஒரு நாளைக் குறித்துக்கொண்டோம். அதற்கு முந்திய ஒரு வாரம் ஒவ்வொரு சிகரெட்டையும் எந்த நேரத்தில், எதை ஒட்டிப் புகைக்கிறோம் என்று ஒரு தாளில் எழுதி வந்தோம். எதிரி எந்தெந்த மூலையில் உட்கார்ந்திருக்கிறான் என்பது அந்தத் தாளில் தெரிந்துவிட்டது.

இரண்டாவதாக, வீட்டிலிருந்த சாம்பல் கிண்ணம், தீப்பெட்டி, ஒளித்து வைத்த அரைப் பெட்டி எல்லாவற்றையும் சனிக்கிழமை இரவே அப்புறப்படுத்தினோம். உடன் வேலை செய்த ஆசிரியர்களிடம் வெளிப்படையாகச் சொன்னோம். சிலர் சிரித்தார்கள். அதுவும் உதவிற்று. சிரித்தவர்கள் முன்னால் மீண்டும் பற்ற வைக்க வெட்கமாக இருக்குமல்லவா?

மூன்றாவதாக, நேரத்தின் கட்டை ஒவ்வொன்றாக அவிழ்த்தோம். கோப்பிக்குப் பதில் சில வாரம் தே குடித்தோம். சாப்பிட்டு முடித்ததும் உட்கார்ந்திராமல் எழுந்து நம் தட்டை நாமே கழுவினோம். தேர்வுத் தாள் திருத்தும்போது பக்கத்தில் கிராம்பும் சீவிய இஞ்சியும் வைத்துக்கொண்டோம். பேருந்து நிறுத்தத்தில் நிற்பதை விட்டு அடுத்த நிறுத்தம் வரை நடந்தோம்.

நான்காவதாக, ஆசை வரும்போது கடிகாரத்தைப் பார்த்தோம். இது நாம் கண்ட பெரிய உண்மை. புகைக்க வேண்டுமென்ற ஆசை எவ்வளவு கடுமையாக எழுந்தாலும் சில நிமிடங்களில் தானே தணிந்துவிடும். சிகரெட் பிடித்தாலும் தணியும், பிடிக்காவிட்டாலும் தணியும். “இனி வாழ்நாள் முழுதும் எப்படி இருப்பேன்?” என்று எண்ணினால் மலைப்பாக இருக்கும். “இந்த ஐந்து நிமிடம் இருப்பேனா?” என்று கேட்டால் இருந்துவிடலாம். ஒரு குவளை தண்ணீரை மெல்லக் குடிப்போம், வாசற்படி வரை போய் வருவோம். அலை வந்து போய்விடும். அடுத்த அலை வர நேரமாகும். நாளாக ஆக இடைவெளி கூடும்.

துன்பமே இல்லை என்று சொல்லி ஏமாற்ற மாட்டோம். மூன்றாம் நாள் கை நடுங்கியது. காரணமில்லாமல் கோபம் வந்தது. மனைவி பிள்ளைகளை அழைத்து, “அப்பாகிட்ட ரெண்டு வாரத்துக்கு எதுவும் கேக்காதீங்க, என்கிட்ட கேளுங்க” என்று சொல்லி வைத்தார். இந்த விடுதலையில் அவருக்கும் பாதிப் பங்கு உண்டு. மலச்சிக்கல் வந்தது. இருமல் முன்னிலும் கூடிற்று. நுரையீரல் தன்னைத் துப்புரவு செய்யத் தொடங்கும்போது சிலருக்கு அப்படி வருமாம். நாவுக்குச் சுவை திரும்பியதால் சோறு கூடுதலாக இறங்கிற்று. உடம்பு எடை நான்கைந்து கிலோ கூடிற்று. பலருக்கும் இது நேர்வதுதான். அதற்கு நடைப்பயிற்சி போதும். மீண்டும் சிகரெட்டைத் தேட வேண்டியதில்லை.

எட்டாவது மாதத்தில் சறுக்கலும் நேர்ந்தது. நெருங்கிய நண்பர் ஒருவர் திடீரென்று இறந்துவிட்டார். துக்க வீட்டில் நள்ளிரவில் யாரோ நீட்டிய சிகரெட்டை வாங்கிப் பாதி வரை புகைத்துவிட்டோம். முன்பாக இருந்தால், “எல்லாம் போயிற்று” என்று விடிவதற்குள் ஒரு பெட்டியை முடித்திருப்போம். இம்முறை மீதிப் பாதியைக் காலில் போட்டு மிதித்தோம். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னோம். சறுக்கி விழுந்தவன் எழுந்து நடப்பான். விழுந்துவிட்டோமே என்பதற்காக மலையடிவாரம் வரை உருண்டுகொண்டே போவானா?

நேயர்களே, அன்று நமக்குக் கிடைக்காத உதவிகள் இன்று உங்களுக்குக் கிடைக்கின்றன. சுவீடன் நாட்டில் நீர்மூழ்கிக் கப்பல்களில் புகைக்க முடியாத மாலுமிகள் புகையிலையை மென்று சமாளிப்பதை அறிந்து, அதிலிருந்து பிறந்த எண்ணமே நிகோடின் மெல்லும் பசை. புகையின் நஞ்சில்லாமல் நிகோடினை மட்டும் சிறிது சிறிதாகக் கொடுத்து, பிறகு அதையும் குறைத்து விடும் முறை இது. தோலில் ஒட்டிக்கொள்ளும் பட்டையும் உண்டு. மருத்துவர் எழுதிக் கொடுக்கும் மாத்திரைகளும் உண்டு. எவ்வித உதவியுமின்றி விட முயல்வோரில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பேர்தாம் ஓராண்டு வரை நிலைத்து நிற்கிறார்கள் என்று ஆய்வுகள் கூறுகின்றன. மருந்தும் ஆலோசனையும் சேரும்போது அந்த எண்ணிக்கை நன்றாகக் கூடுகிறது. எனவே அரசாங்க மருத்துவ நிலையத்துக்குச் சென்று கேட்பதில் வெட்கம் வேண்டாம். காய்ச்சலுக்குப் போவதில்லையா? அதுபோலத்தான்.

மின்சிகரெட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெரும்பாலானவற்றில் நிகோடின் இருக்கிறது. புகைப்பழக்கமே இல்லாத இளைஞர்களை அது புதிதாகப் பிடிக்கிறது. சிங்கப்பூரில் 2018 முதல் அதைக் கையில் வைத்திருப்பதே குற்றம். ஒரு கட்டை அவிழ்க்க இன்னொரு கட்டைப் போட்டுக்கொள்ள வேண்டாம்.

காலம் நமக்குத் துணையாகத்தான் இருக்கிறது. சிங்கப்பூர் 1970லேயே திரையரங்குகளிலும் பேருந்துகளிலும் புகைப்பதற்குத் தடை விதித்தது. மலேசியாவில் 2019 ஜனவரி முதல் உணவுக் கடைகளில் புகைக்கக்கூடாது. 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்குச் சிகரெட் விற்பது மலேசியாவில் குற்றம். சிங்கப்பூரில் அந்த வயது 2021 முதல் 21. எனினும் மலேசியாவில் பெரியவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் இன்னும் புகைக்கிறார். சட்டம் கடையின் வாசலைத்தான் காக்கும். வீட்டு வாசலை நாம்தான் காக்க வேண்டும். 1981இல் ஜப்பானிய ஆய்வாளர் ஹிராயாமா, புகைக்கும் கணவருடன் வாழும், தாம் புகைக்காத மனைவியருக்கும் நுரையீரல் புற்றுநோய் கூடுதலாக வருவதைக் கண்டு சொன்னார். நம் புகை நம்மோடு நிற்பதில்லை.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். விட முயல்கிறவரை, “இதோடு எத்தனையாவது தடவை?” என்று கேலி செய்யாதீர்கள். ஒவ்வொரு முயற்சியும் அடுத்த முயற்சிக்குப் பாடம். நம் முதல் தோல்வி இல்லாமல் மூன்றாம் வெற்றி இல்லை.

பலன் காத்திருக்க வைக்காது. கடைசிச் சிகரெட்டை அணைத்த ஓரிரு நாளில் இரத்தத்திலுள்ள கரியமில நச்சுக்காற்று நீங்கிவிடும். ஓராண்டில், புகைப்பதனால் கூடியிருந்த மாரடைப்பு அபாயம் பாதியாகக் குறையும். பத்து ஆண்டுகளில் நுரையீரல் புற்றுநோய் அபாயம், புகைத்துக்கொண்டே இருப்பவரோடு ஒப்பிட்டால், ஏறத்தாழ பாதியாகிவிடும்.

நம் மகன் என்ன ஆனான் என்று கேட்பீர்கள். நாம் விட்டதும் அவனும் திருந்திவிட்டான் என்று முடித்தால் பேச்சு அழகாக இருக்கும். ஆனால் அப்படி நடக்கவில்லை. வேலைக்குப் போன பிறகு அவன் சில ஆண்டுகள் புகைத்தான். நாம் ஏசவில்லை. ஒருநாள் அவனே வந்து, “நீங்க எப்படிப்பா விட்டீங்க?” என்று கேட்டான். இப்போது உங்களிடம் சொன்னதையே அவனிடமும் சொன்னோம். இரண்டு முறை தவறினான். மூன்றாம் முறை விட்டுவிட்டான். அவனுடைய பிள்ளைகள் யாருக்காகவும் கடைக்குப் போய்ச் சிகரெட் வாங்கியதில்லை.

இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் உங்களில் சிலர் வரும் தைப்பூசத்துக்கு விரதம் இருப்பீர்கள். சிலர் ஐயப்பனுக்கு மாலை அணிவீர்கள். அந்த நாள்களில் உங்கள் உடம்பு சிகரெட்டிலிருந்து விடுபட்டுவிடும். மீதி இருப்பது ஒரே ஒரு நாள். நாற்பத்தொன்பதாம் நாள் காலையில் கோப்பிக் கடைக்குப் போகும்போது, ஐந்தே நிமிடம் பொறுத்துக்கொள்ளுங்கள். ஐம்பதாம் நாள் தானே வரும்.